தவளையைத் தொடாத தூண்டில்

தூண்டில் போடுவது மனதுக்கு அமைதி தரும் என்று யாராவது சொன்னால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். துப்புவதற்கு. என் வாழ்நாளில் ஒரே ஒரு மார்கழிக் காலையில்தான் தூண்டில் பிடித்தேன். அந்த வாடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் நடுவில், கடலூர் செம்மண்டலத்தில் குடியிருந்து ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தலைப்பிரசவத்துக்காகச் சிதம்பரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவளுக்குத்தான் போட்ட தையல் பிரிந்து சீழ் வைத்துவிட்டது. சாயங்காலமானால் காய்ச்சல் வரும். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. புண்ணுக்கு மருந்து வைக்க வந்த நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்லைங்க. சாப்பிடாம இப்படியே கெடந்தா புண்ணு ஆறாது. அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார். லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

விரால் கொடுத்தால் சதை கூடும் என்றார் மாமியார். அதை ஆமோதிக்க ஓர் ஆள் தயாராக இருந்தார்: என் மனைவியின் அண்ணன். பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் 'பினாங்குல' என்று தொடங்காமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. சட்டையில் அவர் அடிக்கும் சென்ட் வாசனை தெருமுனையிலேயே வரவேற்கும்.

"பினாங்குல புள்ள பெத்தவளுக்கு விரால் சூப்புதான் மச்சான். பத்தே நாளு, எந்திரிச்சு நடப்பா பாரு."

சூப்பு சரி, விராலுக்கு எங்கே போவது? கோடையில் குட்டைகள் வற்றும்போது கூடை கூடையாக வரும் மீன், வாய்க்கால்கள் கரை தட்டி ஓடும் மார்கழியில் மார்க்கெட் பக்கமே வராது. இரண்டு நாள் அலைந்துவிட்டு வெறும் பையோடு வந்தேன். அப்போதுதான் மச்சான் தன் தகரப் பெட்டியைத் திறந்து, ரீல் வைத்த தூண்டில் கம்பு ஒன்றையும், சின்னக் கரண்டி போன்ற வெள்ளைத் தகடு ஒன்றையும் வெளியே எடுத்தார். தகட்டின் வாலில் மூன்று முள். தண்ணீருக்குள் இழுத்தால் குட்டிமீன் நீந்துவதுபோல் பளபளக்குமாம்.

"இங்க எல்லாவனும் உசுரோட தவளையைக் குத்தித்தான் விரால் புடிக்கிறான். தவளையைக் கொல்றது நம்ம மார்க்கத்துல தடை. இந்தத் தகட்டுல அந்தப் பாவமே கெடையாது" என்றார். எனக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. தவளையைத் தொட வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் அதில் பாதி.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் இரண்டு சைக்கிளில் கீரப்பாளையம் தாண்டிப் போனோம். வாய்க்கால் கரையில் கால் வைத்ததுமே எனக்குக் குமட்டியது. ஊர் மொத்தமும் காலைக்கடனை முடிக்க அந்தக் கரைக்குத்தான் வரும்போல. பனியில் எது புல், எது மற்றது என்று தெரியாமல் மிதித்து மிதித்து நடந்தேன். மச்சான் தகட்டை வீசினார், இழுத்தார். பாசி வந்தது. மறுபடி வீசினார். ஊறிப்போன சாக்குத் துண்டு வந்தது. மூன்றாவது முறை அழுகிய கோழி ஒன்றின் கால் வந்தது. அதை முள்ளிலிருந்து விடுவிக்கும் வேலை எனக்கு. ஒரு மணி நேரம் இந்தத் திருவிழா நடந்தது.

எங்கள் வயதை ஒத்த உள்ளூர்க்காரர் ஒருவர், மூங்கில் கம்போடு கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார். அவருடைய முள்ளில் ஒரு தவளை காலை உதைத்துக்கொண்டிருந்தது. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அதுவும் உசுருதானேய்யா, பாவமில்லையா?" என்று உபதேசம் செய்தார். அவர் சிரித்துக்கொண்டார்.

அப்போது எங்களுக்கு எதிரே தண்ணீர் சளசளவென்று கொதித்தது. சோற்றுத்தட்டு அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ மேலே வந்து வந்து மூச்சுவிட்டது.

"அது என்னங்க?" என்றேன்.

"விரால் பார்ப்புங்க. குஞ்சுங்க. அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். எது கிட்ட வந்தாலும் பாஞ்சு கடிக்கும். பசிக்கில்ல, குஞ்சைத் தொட்டுடப் போவுதேன்னு."

"அப்பறம் ஏன் நீங்க அங்க போடல?"

"பார்ப்பு மேல நாங்க போடறதில்லைங்க" என்றார், ஏதோ தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டதுபோல.

மச்சான் என்னைப் பார்த்தார். கம்பை என் கையில் கொடுத்தார். "உன் பொண்டாட்டிக்குத்தானே? நீயே போடு."

போட்டேன். அந்தச் சிவப்பு வட்டத்தின் நடுவிலேயே போய் விழுந்தது. நான் நினைத்துக்கூடப் பார்க்காத வேகத்தில் கம்பு வளைந்தது. மச்சானும் சேர்ந்து பிடித்து இழுத்தார். முழங்கை நீள விரால் ஒன்று கரைச் சேற்றில் விழுந்து அடித்துக்கொண்டது. "தவளையே இல்லாம! பாத்தியா!" என்று அவர் குதித்தார்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிதறிய குஞ்சுகள் அதே இடத்தில் மறுபடி கூடின. ஒரு மீன்கொத்தி வந்து விழுந்து எழுந்தது. உள்ளூர்க்காரர் தண்ணீரில் காறித் துப்பிவிட்டு, கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டில் மாமியார் மீனை அறுத்தார். "கொடல்ல ஒண்ணுமே இல்லையே. பார்ப்பு காக்குற மீனுல்ல இது? சாப்பிடாம கெடக்கும்" என்றார். உள்ளே படுத்திருந்த என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது. சூப்பை எடுத்துக்கொண்டு போனபோது மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப குஞ்சுங்க?" என்றாள்.

"ஜோடியில இன்னொன்னு இருக்குல்ல. அது பாத்துக்கும்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கி முழுவதையும் குடித்தாள். பத்து நாளில் முதல் தடவையாக. வாந்தி வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை மச்சான் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது. எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் 'வேணாம் மச்சான்' என்று சொல்ல வாசல்வரை நடந்தால் போதும். அவளுக்கு இன்னொரு நாள் சூப்பு ஆகுமே என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். எட்டு மணிக்கு அவர் இன்னொரு விராலோடு வந்தார். "ஜோடியில மத்தது! அதே எடத்துலயே நின்னுச்சு மச்சான், நவுரவே இல்ல" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அன்று மத்தியானம் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "எனக்கு நேத்து குடுத்ததே போதும். இத நீங்க சாப்பிடுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு அவள் சோறு சாப்பிட ஆரம்பித்தாள். காய்ச்சல் விட்டது, புண்ணும் ஆறியது. விராலால்தான் என்று மச்சான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதும் தவளையைத் தொடாத பெருமையை விட்டதில்லை.

அன்று அவள் வாங்காத கிண்ணத்தை அவள் எதிரிலேயே உட்கார்ந்து நான் காலி செய்தேன். மிளகும் பூண்டும் போட்டு மாமியார் நன்றாகத்தான் வைத்திருந்தார். ருசியாக இருந்தது. இன்றைக்கும் எனக்குக் குமட்டுவது அதை நினைத்தால்தான்.