கண்ணீர் அஞ்சலியில் சிரித்த பெரியவர்

1. ரெடிமேட் பாடி

காளவாசலில் ஃப்ளெக்ஸ் கடை நடத்துகிறவளுக்கு, ஊரில் யார் கண்ணை மூடினார்கள் என்பது சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மதுரையில் குளிப்பாட்டுவதற்கு முன்பே போஸ்டருக்கு ஆள் அனுப்புகிறவர்கள் உண்டு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் போஸ்டர்தான் என் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. டிசைன் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கல்யாண பேனரைத்தான் கேட்கிறார்கள். சாவுப் போஸ்டர் போடத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பேன். அதில்தான் அவசரமும் அழுகையும் வீட்டுச் சண்டையும் ஒன்றாக வந்து நிற்கும்.

ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அண்ணன் பேரையூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் ஹெச்.எம். தங்கை மதுரையில் நர்ஸ். விடியற்காலையில் அவர்களுடைய அப்பா தவறிவிட்டார். தொண்ணூறைத் தாண்டியவர், தூக்கத்திலேயே போயிருக்கிறார். எங்கள் பக்கம் இதைக் கல்யாணச் சாவு என்பார்கள். கொட்டு, வெடி எல்லாம் உண்டு.

“சாயங்காலம் எடுக்குறோம் மேடம். மத்தியானத்துக்குள்ள பேரையூர்லருந்து பரவை மார்க்கெட் வரைக்கும் போஸ்டர் ஒட்டிறணும்,” என்றார் அண்ணன்.

“பரவையில யாரு இருக்கா சார்?”

தங்கைதான் பதில் சொன்னார். “அப்பா காலமெல்லாம் கத்திரிக்கா கொண்டு போன எடம்க்கா. அங்க அம்புட்டுப் பேரும் அவருக்குப் பழக்கம். எங்ககிட்ட ஒருத்தரு நம்பரும் இல்ல. போஸ்டரப் பாத்துத்தான் வரணும். அவுங்க வராம அப்பாவத் தூக்கக் கூடாது.”

பெரியவர் கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். பிறகு கொஞ்சம் மானாவாரி நிலம் வாங்கி, கிணறு வெட்டி, கத்திரி போட்டிருக்கிறார். எந்தச் சாவு வீட்டையும் கல்யாண வீட்டையும் அவர் தவறவிட்டதில்லையாம்.

படம் கேட்டேன். ஹெச்.எம். ஆதார் கார்டை நீட்டினார். அதில் பெரியவர் உதட்டை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைத்தார். தங்கை தன் போனை நீட்டினார். அதில் நூறு படம் இருக்கும், எல்லாவற்றிலும் சிரிப்பு. பொருட்காட்சி ராட்டினத்தில் பேத்தியைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். காதுகுத்து வீட்டில் கொட்டுக்காரரின் கொட்டை வாங்கி அடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஒன்றில் பரவையில் கத்திரிக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கிறார்.

“ஆதார் எடுக்குறப்ப சிரிக்காதீங்க தாத்தான்னு அந்தப் பொண்ணு நாலு தடவ சொல்லுச்சு. அதான் அப்படி இருக்காரு,” என்றார் தங்கை.

“அதையே போடுங்க மேடம்,” என்றார் அண்ணன். “வெள்ளச் சட்ட, ஜரிகைத் துண்டு, நல்ல சேரு எல்லாம் வச்சு.”

இது எங்கள் தொழிலில் சகஜம். பாடி ரெடிமேடாக இருக்கும். பெரிய மனிதர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, கழுத்துக்கு மேல் காலி. கொண்டுவருகிற தலையை வெட்டி அதில் பொருத்திவிடுவோம். இந்த மதுரையில் எத்தனையோ பேர் ஒரே உடம்போடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

“அண்ணே, அது அப்பா மாதிரியே இல்லண்ணே.”

“ஒனக்குத் தெரியாது. நீ சின்னப்புள்ள அப்ப. கூலிக்குப் போன வீட்ல எல்லாம் அவரு சிரிச்சுச் சிரிச்சே எறங்கிப் போனாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துருக்கேன். இன்னைக்கு ஒரு நாளாச்சும் எங்கப்பா வெறப்பா ஒக்காரட்டும்.”

தங்கை போனைப் பைக்குள் வைத்தார். அண்ணன் கேட்டபடியே செய்தேன். தலை கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே அவருடைய முழுப் பெயர், அதற்குக் கீழே குடும்பத்தார் பெயர்கள்.

2. சுவரில் ஒட்டிப் பார்ப்பது

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் போஸ்டராக இருந்தாலும் முதல் பிரிண்டை வாசல் சுவரில் ஒட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வேன். தெருவில் போகிற சனம் அதை எப்படிப் பார்க்கிறது என்று கவனிப்பேன். மானிட்டரில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். பஸ்ஸில் போகிறவன் கண்ணில் பட வேண்டும், அதுதான் பரீட்சை.

அன்றும் ஒட்டினேன். அந்த நேரம் பார்த்து பாண்டி வந்தான். பரவை மார்க்கெட்டில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். அக்கா மகள் சடங்குக்கு பேனர் சொல்லியிருந்தான். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

“வெளிய யாருக்கா அது, கட்சிக்காரரா? ஆளு ரொம்ப வெறப்பா இருக்காரு.”

ஹெச்.எம். திரும்பிப் பார்த்தார். தங்கை போனில் இருந்த மூட்டைப் படத்தைப் பாண்டியிடம் காட்டினார்.

“அட, நம்ம கத்திரிக்கா தாத்தா. இவரு படம் ஒங்ககிட்ட எப்படி…” என்றவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். வாசலில் இருக்கும் போஸ்டரை எட்டிப் பார்த்தான். அப்படியே பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டான்.

“பத்து வருசமா என் வண்டியிலதான்க்கா வந்தாரு. எனக்கே தெரியலையே.”

சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனாகவே பேசினான். “எங்க கமிஷன் கடை மொதலாளி எவன் வந்தாலும் சேர விட்டு எந்திரிக்க மாட்டாரு. ஒருநா, ‘என்ன பெருசு, காயி இம்புட்டுச் சிறுத்துருக்கு’ன்னாரு. தாத்தா சொன்னாரு, ‘தோட்டத்துல பெருசாத்தான் மொதலாளி இருந்துச்சு. ஒங்க தராசப் பாத்ததும் பயத்துல சுருங்கிருச்சு.’ மார்க்கெட்டே சிரிச்சுச்சு. மொதலாளியும் சிரிச்சிட்டு, எந்திரிச்சு சேரத் தூக்கி அவருக்குப் போட்டாரு. அன்னையிலருந்து தாத்தா வந்தா அவரு நிப்பாரு, இவரு ஒக்காருவாரு.”

“எங்கிட்ட இதெல்லாம் அவரு சொன்னதே இல்ல,” என்றார் ஹெச்.எம். பிறகு என்னைப் பார்த்தார்.

“மூட்டப் படத்தையே போடுங்க மேடம். சேரு வேணாம். அவரு சட்டையே இருக்கட்டும்.”

பரவைக்கான போஸ்டர் கட்டைப் பாண்டியே தூக்கிக்கொண்டான். ஒட்டுகிறவர்களுக்குக் காத்திருக்காமல் பசை வாளியோடு வண்டியை எடுத்தான். அன்று சாயங்காலம் பேரையூரில் மார்க்கெட் வண்டிகள் நிறுத்த இடமில்லாமல் ரோட்டில் நின்றதாக நர்ஸ் போன் செய்தார். “கமிஷன் கடைக்காரரும் வந்துட்டாருக்கா. அப்பாவ எடுக்குற வரைக்கும் ஒக்காரவே இல்ல,” என்று சொல்லி அழுதார்.

3. ஃப்ரேமுக்கு வந்தவர்

காரியம் முடிந்து ஹெச்.எம். மட்டும் வந்தார். நடுவில் அப்பா, சுற்றிலும் பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று ஹாலில் மாட்ட ஒரு பெரிய ஃப்ரேம் வேண்டும் என்றார். படங்களை அடுக்கிக் காட்டினேன். அவரே சொன்னார்: “எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் மட்டும் எழவு வீட்ல நிக்கிறாப்புல நிக்கிறேன்.”

“வேற படம் இருக்கா சார்?”

“தேடிட்டேன் மேடம். ஒண்ணுலயும் சிரிக்கல.”

“அதுக்கென்ன, இப்பவே எடுத்துருவோம்,” என்று கேமராவை எடுத்தேன். அவர் பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்தார். ஆகாது என்று தெரிந்தது. “சார், அப்பா ஒங்களச் சிரிக்கவச்சது எதாச்சும் சொல்லுங்க,” என்றேன்.

“நான் ஹெச்.எம். ஆன அன்னைக்கு ஸ்கூலுக்கு வந்தாரு மேடம். என்னைய என் சேர்ல ஒக்கார வச்சாரு. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, எதுத்தாப்புல கையக் கட்டி நின்னாரு. நின்னுக்கிட்டு, ‘ஐயா, எம்மகனுக்கு ஒரு சீட்டுப் போட்டுக் குடுங்க’ன்னாரு.”

சொல்லும்போதே சிரித்துவிட்டார். வாய் முழுக்கச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு உடைந்து, மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். அப்பாவைத் தூக்கும்போதுகூட அண்ணன் அழவில்லை என்று தங்கை சொல்லியிருந்தார். நான் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன்.

இப்போது எங்கள் கடையில் நல்ல படமாக ஒன்று கொடுங்கள் என்று யாரிடமும் கேட்பதில்லை. அவர் எப்படி இருப்பார், சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். சொல்லிக்கொண்டே தேடுவார்கள். தேடுகிறவர்கள் முகம் எந்தப் படத்தில் மாறுகிறதோ, அதை எடுத்து வைக்கிறோம். ஹெச்.எம்.முக்கு நான் வைத்தது, அவர் அழுவதற்கு ஒரு நொடி முன்னால் என் கேமராவில் விழுந்த படம்.