தூண் வீட்டில் குறைந்த ஐந்தடி

பெரம்பலூரில் கட்டடக்கலை மூன்றாமாண்டு படிக்கும் வெற்றிச்செல்விக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. கல்லூரிப் பயிற்சிக்காகப் புகழ்பெற்ற வீடு ஒன்றை அளந்து, அதில் யார் எந்த வழியாக நடமாடினார்கள் என்று வரைய வேண்டும். மற்றவர்கள் வெளிநாட்டு வீடுகளை இணையத்தில் பிடித்துக்கொண்டார்கள். இவள் உடையார்பாளையம் பக்கத்துத் தூண் வீட்டை எடுத்தாள். கல்யாண போட்டோவுக்கு ஜில்லாவே வந்து நிற்கும் வீடு. வெளியே அளந்தால் அகலம் எழுபத்திரண்டு அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் அறுபத்தேழுதான் வந்தது.

மறுபடி போய் அளந்தாள். அதே கணக்கு. வீட்டுச் சொந்தக்காரர் கோகுலகிருஷ்ணன் சிரித்தார். "பழைய சுவரும்மா, கனமா இருக்கும். அஞ்சடிய யாரு பாக்கப்போறா?"

பஸ்ஸில் நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். சனிக்கிழமை மூன்றாவது முறை போனாள். கூட்டிப்போக விக்கிரமங்கலத்திலிருந்து அப்பா பூமாலை வந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வண்டியை வாசலில் விடாமல் கொல்லைப்பக்கம் நிறுத்தியிருந்தார்.

"ஏம்ப்பா இங்க நிக்கிற?"

"பழக்கந்தான்." செங்கல் வைத்து அடைத்திருந்த இடத்தைக் காட்டினார். "இங்க ஒரு கதவு இருந்துச்சு. எங்கப்பா இது வழியாத்தான் களஞ்சியத்துக்கு நெல்லு மூட்டை தூக்கிட்டுப் போவாரு. நம்மாளுங்க வூட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுல்ல. ரெண்டு சுவருக்கு நடுவுல சந்து. எதிர்ல ஆளு வந்தா திரும்ப முடியாது."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ தூணப் பத்தில்ல படிக்கிறேன்னு நெனச்சேன்."

உள்ளே ஓடினாள். களஞ்சியத்து மூலையில் சாத்தி வைத்திருந்த பழைய பலகைகளுக்குப் பின்னால் சந்தின் மறுவாய் இருந்தது. சந்து மூன்றடி, அதையொட்டிய சுவர் இரண்டடி. தோளளவில் சுவர் வழவழவென்று தேய்ந்திருந்தது. குறைந்த ஐந்தடியை நோட்டில் எழுதினாள்.

வரைபடத்தை முடித்துக் கோகுலகிருஷ்ணனிடம் கொண்டுவந்து காட்டினாள். அவர் விரல் சந்தைக் காட்டும் சிவப்புக் கோட்டில் நின்றது.

"இது வேணுமாம்மா? வூட்டுக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"எடுத்தா அளவு பொய்யாயிடும் சார்."

ஷீட்டைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். "சரி, கொண்டு போ. இனிமே அளக்க வராத."

கல்லூரியில் அந்த ஷீட்டின் முன்தான் ஆசிரியர்கள் அதிக நேரம் நின்றார்கள். நல்ல மதிப்பெண் வந்தது. அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"ஷீட்டுல தகவல் சொன்னவர்னு உம்பேரப் போட்டுட்டேன்ப்பா."

"எம்பேரா? அந்த வூட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"பாக்கட்டும்ப்பா."

மறுமுனையில் லாரி இரைந்துகொண்டிருந்தது. அப்பா போனை வைக்கவில்லை.