ஒரிஜினல் மாதிரி வராது

போன ஞாயிறு சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு. பகல் சாப்பாடு முடிந்ததும் பந்தலில் மைக் பிடித்தவர் ஜவாத். மருதமுனைக்காரர், என் நண்பர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர்.

இரண்டு பாட்டு முடிந்திருக்கும். மணப்பெண்ணின் மாமா கையை உயர்த்தினார்.

"தம்பி, அந்த 'உம்மாட குரல்' பாட்டப் படிங்களேன்!"

ஜவாத் பாடினார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய், கசெட்டில் பேசி அனுப்புகிறாள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே வளர்கிற பிள்ளையின் பாட்டு அது. பந்தல் அடங்கிப் போனது. மறைப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் இருந்த இடத்தில், யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

முடிந்ததும் மாமா எழும்பி வந்து ஜவாத்தின் தோளைத் தட்டினார்.

"நல்லாத்தான் படிச்சீங்க மனே. எண்டாலும் ஒரிஜினல் மாதிரி வராது. அந்த இந்தியாக்காரன்ட தொண்டை வேற!"

"ஓம் மாமா" என்றார் ஜவாத். சிரித்தபடி.

எனக்குத்தான் வாயிலிருந்த வெற்றிலை கசந்தது. எந்த இந்தியாக்காரன்? அது ஜவாத்தின் பாட்டு! அவருடைய தங்கை சவூதிக்குப் போனபோது, அவள் விட்டுப்போன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுதியது. மோட்டார் சைக்கிளை விற்று, கொழும்புக்குப் போய் ஒலிப்பதிவு செய்து, அட்டையில் தன் படத்தையும் போட்டுக் கொண்டுவந்தார்.

யார் வாங்கினார்கள்? ரெக்கோடிங் கடைகளில் வெறும் கசெட்டில் புதுப்படப் பாட்டெல்லாம் அடித்துத் தருகிறார்கள், அதுவும் மலிவாக. ஊர்ப் பாடகனின் ஒரிஜினல் கசெட்டுக்கு யார் கூடுதலாகக் காசு கொடுப்பார்? கல்முனை ரெக்கோடிங் கடையின் கண்ணாடிக்குள் இருந்து, ஜவாத்தின் முகம் வெயிலில் வெளுத்ததுதான் மிச்சம்.

பிறகு எப்படி அந்த ஒரு பாட்டு மட்டும் ஊரெல்லாம், பஸ்ஸெல்லாம் பாடுகிறது? திங்கட்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன்.

கடைக்காரர் ஒளிக்கவில்லை. கதிரை போட்டு, பிளேன்டீயும் எடுப்பித்தார்.

"ஓம் காக்கா, நான்தான் போட்டன். சினிமாச் சோகப் பாட்டுகளோட சேத்து அடிச்சன். பேர் போடல்ல. கேட்டவங்க இந்தியாப் பாட்டு எண்டு நினைச்சிட்டாங்க. மத்தக் கடைக்காரனுகளும் அதப் பாத்து அடிச்சானுகள்."

"பேரப் போட்டிருக்கலாமே?"

"பேரப் போட்டுத்தானே காக்கா முதல்ல வெச்சன்? ஒரு மனுசன் எடுத்தானா?"

அநியாயக்காரனிடம் நியாயம் இருந்தால், சண்டை கூடப் பிடிக்க முடிவதில்லை...

அப்போதுதான் ஒரு பெண் உள்ளே வந்தார். பாண்டிருப்பாம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடைக்காரருக்குப் பழக்கமானவர் போல.

"அண்ணன், 'உம்மாட குரல்' படிச்சவர்ர வேற கசெட் ஏதும் இருக்கா?"

கடைக்காரர் ஜவாத்தைப் பார்த்தார். ஜவாத் கோப்பைக்குள் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். ஜவாத்தின் கை என் முழங்காலை அழுத்தியது.

"இல்ல மிஸ். அவர்ர வேற ஒண்டும் வரல்ல" என்றார் கடைக்காரர்.

"ஐயோ... சரி, அப்ப புதுப்படப் பாட்டு ஒண்டு தாங்க."

வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெளியே வந்ததும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"ஏன் ஜவாத், உங்களத் தேடித்தானே வந்தா? நான்தான் எண்டு சொன்னா என்ன?"

"சொன்னா, அடுத்த கசெட் எப்ப எண்டு கேப்பா மச்சான். என்னத்தச் சொல்ல? எனக்கு விசா வந்திட்டு. கட்டார். டிரைவர் வேல."

மார்க்கெட் இரைச்சலில் மெதுவாகத்தான் சொன்னார். எழுதி வைத்த பாட்டுகள் இன்னும் இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "மெட்டு மறக்கட்டும் எண்டு விட்டிட்டன்" என்றார்.

இப்போது நல்ல பாட்டே வருவதில்லை என்று குறைப்படுகிறோமே... வருகிறது ஐயா. நாம் பேர் கேட்பதற்குள் விமானம் ஏறிவிடுகிறது!