சத்தமில்லாத கல்யாண ஊர்வலம்

மலேசியாவின் ஈப்போவில், உருமி மேளத்தோடு நடந்த என் அண்ணனின் கல்யாண ஊர்வலத்தைப் படம்பிடித்து ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினேன். அந்த உருமி மேளம் தங்களுடையது என்று ஒரு கம்பெனி காப்புரிமை கோரியதால், தளத்தார் வீடியோவின் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். நேரில் வாசித்ததுதான் என்று மறுப்பு அனுப்பினேன், நிராகரித்தார்கள். மறுபடியும் அனுப்பினேன், அதே பதில்தான் வந்தது.

எரிச்சலோடு, அன்று வாசித்த, சிலிம் ரிவர் ஊர் உருமிக் குழுவின் தலைவரை அழைத்தேன்.

“அண்ணே, உங்க மேளத்த யாரோ திருடிட்டாங்க.”

“திருடல தங்கச்சி. அந்தக் கம்பெனிக்கு நாந்தான் எங்க பாட்ட கொடுத்தேன் லா. இருங்க, பேசிப் பாக்குறேன்.”

மறுவாரம் அழைத்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“அன்னைக்கு ஊர்வலத்துல வாசிச்சது நாந்தான்னு கம்பெனில ஆதாரம் கேக்குறாங்க.”

“என் வீடியோவ காட்டுங்கண்ணே.”

“காட்டினேன். அதுலதான் சத்தமே இல்லியே.”

கைப்பேசியிலிருந்த அசலை உடனே அனுப்பிவைத்தேன். கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அதுவரை என் வீடியோவுக்காகத்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். இப்போது, தன் உருமியைத் தன்னுடையது என்று நிரூபிக்க அலையும் அந்த மனிதருக்காகக் காத்திருக்கிறேன்.