அதிகமாகக் கேட்கும் காது

எங்கள் கோவைப் பக்கத்தில் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள். அந்தத் 'தான்' இருக்கிறதே, சங்கதி முழுக்க அதில்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் உப்பில்லாத உப்புமாவைத் தின்றுவிட்டு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் பிற்பாடு எனக்கு மனைவியாகி, "அன்னைக்கு நீங்க அதைச் சொன்னதுமே உப்புப் போட மறந்துட்டோம்னு உள்ள தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள். ஆகவே அந்த வார்த்தைக்குப் பொருள் தெரியாமல் தப்புச் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஐம்பதைத் தாண்டிய பிறகு, எனக்கு ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். ஓடும் மோட்டார்களுக்கு நடுவில் நின்று அவற்றைச் சோதிப்பது என் வேலை. பக்கத்துக் கொட்டகையில் நாளெல்லாம் வார்ப்பிரும்பைக் கிரைண்டரில் தேய்ப்பார்கள். அப்படி முப்பது வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நல்ல கச்சேரியாகக் கேட்க வேண்டும், அதுவும் மனைவியோடு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசை. சிடி பிளேயரும் ஆம்ப்ளிபயரும் வாங்கியாயிற்று. அலமாரித் தட்டில் வைக்கிற அளவில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி மட்டும் பாக்கி.

உக்கடத்தில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். வெளிநாட்டு ஸ்பீக்கர்களைத் தருவித்து, பழுது பார்த்து விற்பவர். அவர் இரண்டு ஜோடிகளைக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றைத் திருப்பித் தரச் சொன்னார். இரண்டுக்கும் பெட்டி ஒரே அளவு. மேல் சத்தத்தைத் தருகிற சின்ன ட்வீட்டர் மட்டும் ஒன்றில் பட்டுத்துணியால் ஆனது, மற்றதில் உலோகம்.

"ஊட்டுல அம்மாவையும் உக்கார வெச்சுக் கேளுங்க சார்," என்றார். கடைக்காரர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மரியாதையில் நானும் குறை வைக்கவில்லை. மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் கேட்டேன். முதலில் துணி. எனக்குக் கச்சேரி கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. ஜால்ரா சத்தத்தையே காணோம். பிறகு உலோகம். ஜால்ரா வந்தது, வயலின் வந்தது, பாடகர் மூச்சு வாங்குவது வந்தது.

"எப்படி, அம்மணி?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

நான் துணி ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் பொறுத்துக் கேட்டவள், அப்புறம் மெல்ல ஆரம்பித்தாள். "ஏனுங்க, அவரு பாட்டுல 'ச' வர்றப்பல்லாம் யாரோ சொளவுல அரிசி பொடைக்கற மாதிரி இருக்குதுங்க." இன்னொரு நாள், "ஜால்ரா தட்டறவரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. என்ற காதுக்குள்ளயே வந்து தட்டறாரு."

"உனக்குச் சங்கீதம் பழகலை."

"எனக்குப் பழகலீங்க. தலைவலிக்குப் பழகிப்போச்சு."

உண்மையில் அந்த அறையும் அதற்கு ஒத்தாசை செய்தது. மொசைக் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ், இரும்பு பீரோ. கைதட்டினால் சத்தம் திரும்பி வந்து நம்மையே தட்டும். இதெல்லாம் படித்தவனாகிய எனக்குத் தோன்றவில்லை. அவள்தான் பெட்டியிலிருந்து பெரிய பவானி ஜமுக்காளத்தை எடுத்து, ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். ஷோகேஸுக்குப் பழைய புடவை கட்டினாள். ஸ்பீக்கர்களின் முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்தாள். பார்க்க வந்த என் சித்தப்பா மகன், "ஏனுங்கண்ணா, வெள்ளை அடிக்கறீங்களா?" என்று கேட்டான். எனக்கு ரோஷம் வந்தது. அவள் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து மேல் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றி வைத்தேன். ஏனென்றால் அவள் செய்த வேலையில் ஜால்ரா மறுபடியும் எனக்குக் காணாமல் போயிருந்தது.

அவள் அந்த அறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். பாட்டுப் போட்டால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் கிணற்றடிக்குப் போய்விடுவாள். யாருக்காக வாங்கினேனோ அவள் பின்கட்டில். நானும் ஜமுக்காளமும் முன்னறையில்.

அவள் காதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தாராபுரத்துப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். கிணற்று மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சொல்லுவாள். எங்கள் பொடக்காளி மோட்டாரில் பேரிங் தேயத் தொடங்கினால் முதலில் அவளுக்குத்தான் கேட்கும். "மோட்டாரு சிணுங்குதுங்க" என்பாள். பிரித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும். தினமும் மோட்டாரோடு பழகும் எனக்கு அது ஒருமுறைகூட முதலில் கேட்டதில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

யோசித்தது வேறு. அவள் காதில்தான் கோளாறு என்று காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். ஒரு மூடிய அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். முடிந்ததும் ஆஸ்பத்திரி வாடை ஆகவில்லை என்று அவள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள்.

"அம்மாவுக்குச் சின்னப்பிள்ளைக் காதுங்க. ஒரு குறையும் இல்லை," என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வந்ததே வந்தீங்க, நீங்களும் ஒருக்கா உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். அறை அமைதியாக இருந்தது. நெடுநேரம் அமைதியாகவே இருந்தது. சோதனை முடிந்துபோயிற்று என்று நினைத்து நானாக எழுந்து வந்தேன். அந்த நேரம் முழுக்கச் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்களாம்.

"மெஷின் பக்கத்துல ரொம்ப வருஷமாங்க? மேல் சத்தம் உங்களுக்குப் பாதிக்கு மேல இறங்கிப்போச்சு. அம்மாவுக்குக் குத்துதுன்னா நெசமாவே குத்துதுன்னுதாங்க அர்த்தம். உங்களுக்குத்தான் அது வந்து சேர்றதில்லை."

எங்கள் இருவர் காதையும் கோடாகப் போட்டுக் கொடுத்த இரண்டு காகிதங்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாருங்க?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உனக்குக் காது கொஞ்சம் அதிகமாக் கேக்குதாம். இல்லாத சத்தமெல்லாம் சேர்ந்து கேக்குமாம். கண்டுக்காம விட்டாச் சரியாப் போயிருமாம்."

அவள் சிரித்தாள். "அதிகமாக் கேக்கறதுக்கும் வியாதி இருக்குதுங்களா?"

படித்தவன், அதுவும் டாக்டர் சொன்னதாகச் சொல்கிறேன். நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அவள் எந்தக் குறையும் சொல்லவில்லை. முன்னறைக்கு வந்து, நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, முழுக் கச்சேரியும் கேட்டாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால், "ஏனுங்க, நெசமாவே அடிச்சுதுங்களா?" என்று என்னைக் கேட்டாள். அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன். காகிதங்கள் ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள், தெர்மோகோலுக்கு அடியில் கிடந்தன.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலை பொடக்காளி மோட்டார் புகைந்து நின்றது. பேரிங் இறுகி, சுருள் கருகிப்போயிருந்தது. நான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தேன். அவள் குடத்தோடு பின்னால் வந்து நின்றாள்.

"பத்து நாளா கிறீச்சுனு ஒரு சத்தம் கேட்டுதுங்க."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"அது என்ற காதுலதான்னு நெனைச்சுக் கண்டுக்காம விட்டுப்போட்டேனுங்க."

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. தன் தவறுக்கு மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அட்டைப்பெட்டியைத் திறந்து, காகிதங்களைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கோடு நேராகப் போயிருந்தது.

"உங்க கோடு மருதமலைப் படிக்கட்டு மாதிரி எறங்குதுங்களே."

"கோபமா?"

"கோபமெல்லாம் இல்லீங்க," என்றாள். காகிதங்களை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். "நீங்க செஞ்சது நல்லாத்தானுங்க இருக்குது."

அன்று மதியச் சோற்றில் உப்பு சரியாகத்தான் இருந்தது. என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் உலோக ஜோடியைத் தூக்கிக்கொண்டு உக்கடம் போனேன். பாய் ஒன்றும் கேட்காமல் துணி ஜோடியை இறக்கினார். கட்டிக் கொடுக்கும்போது மட்டும் சொன்னார்: "இந்த இரும்பு ட்வீட்டரை ஆசைப்பட்டு வாங்கிப் போறவங்க எல்லாம் மில்லுக்காரங்க, பட்டறைக்காரங்கதான் சார். உங்ககிட்ட அதை எப்படிங்க சொல்றது? அதான் அம்மாவை உக்கார வெச்சுக் கேளுங்கன்னேன்."

வீட்டில் குமிழ்களை அவளிடமே விட்டுவிட்டேன். ஜமுக்காளத்தைப் பாதி மடித்துத் தொங்கவிட்டு, ட்ரெபிளை ஒரு புள்ளி குறைத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படி, அம்மணி?"

"கேக்கலாமுங்க."

எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. "உங்களுக்குங்க?" என்று கேட்டாள். எனக்குப் பழையபடி கம்பளி போர்த்திய கச்சேரிதான். நல்லாத்தான் இருக்குது என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஸ்பீக்கரை மாற்ற முடிந்தது, மோட்டாருக்கு வேறு சுருள் கட்ட முடிந்தது. ஆனால் அந்த ஒரு பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் திடீரென்று தலையைச் சாய்த்து எதையோ கேட்பாள். முன்பெல்லாம் "மோட்டாரு சிணுங்குதுங்க" என்று அடித்துச் சொன்னவள், இப்போது, "ஏனுங்க, உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்கிறாள். ஊரில் இத்தனை பேர் இருக்க, என்னிடம் கேட்கிறாள்.

எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. எழுந்து பொடக்காளிக்குப் போய், மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். நடுக்கம் கையில் தெரியும்வரை அங்கேயே நிற்கிறேன். பிறகு திரும்பி வந்து, நீ சொன்னது சரி என்று சொல்லுகிறேன்.