கமலாட்சியின் பிரதம அதிதி

மாத்தளையில் கமலாட்சி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது; இடியப்பக்கார அம்மா என்றால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் எனக்கு அடுத்த வீடு. நான் பாறூக். கல்யாணம், கூட்டம் எதுவானாலும் மைக்கும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். இந்த ஊரில் யார் யார் மேடையில் ஏறி என்னென்ன புளுகினார்கள் என்பது என் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குத் தெரியும். அதில் முதல் பரிசு ஹார்ட்வெயார் முதலாளி சண்முகராஜாவுக்கு. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கமலாட்சியின் புருஷன் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் லொறி ஓட்டியவர். மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். இடியப்பம் பிழிந்து பிழிந்தே அவள் சதீஸ்குமாரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். அவன் எடுத்த பாடம் நாடகம். "கூத்தாடுறதுக்கு ஒரு கெம்பஸா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "உங்க மகன் படிக்காமலே ஆடுறான், என் மகன் படிச்சிட்டு ஆடப்போறான்" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு.

லீவில் வந்தவன் சண்முகராஜாவின் மகனுடைய பிறந்தநாளுக்குப் போனான். மாடியில் பையன்கள் கூடினார்கள். சாராயத்தோடு யாரோ கொண்டுவந்த மாத்திரையும் இருந்தது. சதீஸும் போட்டான். பெற்றவளே இதை மறைப்பதில்லை, நான் ஏன் மறைக்க வேண்டும்? கொஞ்ச நேரத்தில் சுவரோரம் சரிந்து பெரிதாகக் குறட்டை விட ஆரம்பித்தான். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட்டாளி ஹுஸ்னிக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே ஓடினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று முதலாளியிடம் கெஞ்சினான்.

மறுநாள் கோயில் திருவிழாவில் சண்முகராஜா வீட்டு உபயம். அன்றைய பூசையும் அன்னதானமும் அவர் குடும்பத்தின் பேரில். வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. அந்த வாசலில் ஆம்புலன்ஸும் அதன் பின்னால் பொலிஸும் வந்து நின்றால் மரியாதை என்னாவது? மேலே ஏறிப்போய் ஒரு பார்வை பார்த்தார்.

"குறட்டை விடுறான்ல, நல்லாத் தூங்குறான். தலையில தேசிக்காய் தேச்சு விடுங்க, காலையில எழும்பிருவான்" என்றார்.

எலுமிச்சையை வெட்டித் தேய்த்தார்கள். பிறகு பையன்களை வெளியே தள்ளி, அவர்கள் கண் முன்னாலேயே மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு விரட்டினார்.

காலையில் பிள்ளை எழும்பவில்லை. எப்போது வந்து மாடியில் படுத்தான் என்றே தங்களுக்குத் தெரியாது என்று அந்த வீடு முழுக்க ஒரே குரலில் சொன்னது. சாவுச் செலவு எல்லாவற்றையும் முதலாளியே ஏற்றுக்கொண்டார். கமலாட்சி ஊர் பார்க்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கருமாதியன்று ஹுஸ்னி வந்து நடந்ததைச் சொல்லி அழுதபோது, அவள் நெடுநேரம் தன் இரண்டு கைகளையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தாளையா நான் கும்பிட்டேன்?" என்றாள்.

பொலிஸுக்குப் போனாள். ஹுஸ்னி ஒன்று சொன்னான், மற்றப் பையன்கள் எல்லாரும் வேறு சொன்னார்கள். கேஸ் அதோடு படுத்துவிட்டது. அவள் படுக்கவில்லை.

"பாறூக் நானா, அவர் ஜெயிலுக்குப் போய் எனக்கு என்ன கெடைக்கப் போவுது? கதவப் பூட்டினது நான்தான்னு ஊருக்கு முன்னுக்கு அவர் வாயால சொல்லணும். அத என் காதால கேக்காம நான் சாக மாட்டேன்" என்றாள் என்னிடம்.

யட்டவத்தையில் மகன் வீடு கட்டுவதற்கென்று வைத்திருந்த காணியை விற்று, கலை படிக்கிற பிள்ளைகளுக்கு சதீஸ்குமார் ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் என்று தொடங்கினாள். ஒரே ஒரு நிபந்தனை. பரிசு பெறும் பிள்ளை விழாவில் ஒரு நாடகம் நடிக்க வேண்டும், வருஷா வருஷம் அதே நாடகம். மாத்திரையோ தூளோ அளவு மீறிப் போனவன் குறட்டை விட்டால் அது தூக்கமில்லை, மூச்சு அடைபடுகிறது. தட்டி எழுப்பிப் பார். எழும்பாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 1990 அடி, ஒருக்களித்துப் படுக்க வை, அது வரும்வரை தனியே விட்டுப் போகாதே. இவ்வளவுதான் நாடகம் சொல்வது. அதில் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போடுகிற ஓர் ஆளும் வருவார்; பெயர் மட்டும் இல்லை. பிரதம அதிதியும் வருஷா வருஷம் ஒரே ஆள்தான். சண்முகராஜா.

அவர் ஏன் வந்தார் என்று கேட்பீர்கள். வராவிட்டால் ஊர் வாய் திறக்கும். வந்தால், பெற்றவளே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறாள் பார்த்தீர்களா என்று நெஞ்சை நிமிர்த்தலாம். நிமிர்த்திக்கொண்டுதான் வந்தார். விளக்கேற்றி முன்வரிசையில் உட்கார்ந்தார். மண்டபத்தில் லைட் அணைந்தது. என் பெட்டிகளிலிருந்து குறட்டை எழுந்தது. அன்று பையன்கள் சிரித்த மாதிரியே சனமும் சிரித்தது. சட்டென்று குறட்டை நின்றது. சிரிப்பும் நின்றது. லைட் வந்ததும் முதலாளியின் பிடரியில் வியர்வை ஓடியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அப்புறம் எழுந்து இளைஞர் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு நீண்ட உரை ஆற்றினார்.

அடுத்த வருஷம் கொழும்பில் அலுவல் என்றார். "உங்க வசதிதான் எங்க வசதி, முதலாளி" என்று கமலாட்சி தேதியை மாற்றினாள். அதற்கடுத்த வருஷம் பிரஷர் என்றார். வாசலுக்கே வாகனம் அனுப்பி, அவர் முகத்துக்கு நேராக ஒரு ஃபேனும் வைத்தாள். அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது.

இந்த வருஷம் விண்ணப்பித்தவர்களில் ஒருத்தி நிரோஷா. சண்முகராஜாவின் மகள். நடனம் படிக்கிறாள். சதீஸ் செத்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை. நேரில் வரச் சொன்ன அன்று நானும் இருந்தேன்.

"ஒனக்கு எதுக்கும்மா இந்தப் பரிசு?" என்று இடியப்பம் பிழிந்துகொண்டே கேட்டாள் கமலாட்சி.

"பரிசுக் காசு வேற யாருக்காவது குடுங்க ஆன்ட்டி. எனக்கு அந்த நாடகத்துல கதவப் பூட்டுறவரா நடிக்கணும்."

பிழிந்த கை அப்படியே நின்றது. "சரி, நீதான்" என்றாள்.

நிரோஷா போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "புள்ளய வச்சித் தகப்பன அடிக்காத கமலாட்சி."

"எம்புள்ளய வச்சித்தானே அவரு உபயத்தக் காப்பாத்துனாரு" என்றாள்.

வரவேற்பு நடனம் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள் நிரோஷா. லைட் அணைந்து குறட்டை எழுந்ததும், வெள்ளை முழுக்கைச் சட்டையில் ஓர் உருவம் மேடைக்கு வந்தது. முதலாளியின் அதே நடை, அதே தலையாட்டல். கதவைப் பூட்டியது. சாவியைப் பையில் போட்டது. யாரென்று முதலாளிக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்; எழும்பப் பார்த்தார், முடியவில்லை. குறட்டை நின்றது. மண்டபத்தில் லைட் வந்தது. அதோடு நிரோஷா உள்ளே போக வேண்டும். போகவில்லை. படியிறங்கி நேராக முன்வரிசைக்கு வந்தாள்.

"அப்பா, என் ரூம் மாடிக்கு நேர் கீழ. குறட்டை நின்னது எனக்குக் கேட்டுச்சு. ஓடிவந்து உங்ககிட்ட சொன்னேன். புரண்டு படுத்திருப்பான், நீ போய்த் தூங்குன்னு சொன்னீங்க." கையை நீட்டினாள். "இப்பவாவது சாவியத் தாங்க."

அந்த மனுசனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதில் பேனாவைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் கை போனதை மண்டபம் முழுக்கப் பார்த்தது.

கமலாட்சியைத் திரும்பிப் பார்த்தேன். குறட்டை நின்ற பிறகும் ஒரு குழந்தை ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறது என்பது அவளுக்கும் அன்றுதான் தெரியும். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மைக்கை எடுத்து, "அடுத்து பிரதம அதிதி உரை" என்று அறிவித்துவிட்டு, அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் மகளைப் பார்த்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"நான்தான்... கதவப் பூட்டினேன்."

கமலாட்சி கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பின்னுக்கு இருக்கிறவங்களுக்குக் கேக்கல, முதலாளி. மைக்க கிட்ட பிடிச்சு இன்னொருக்கா சொல்லுங்க."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன்.