வாசலில் நின்று கேட்டது

2024 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. விழித்ததும் வழக்கம்போல் மேல்தளத்துக்கு வந்து, நங்கூரம் இரவில் நகர்ந்திருக்கிறதா என்று தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தின் தூண்களை அடையாளமாக வைத்துப் பார்த்தேன். நகரவில்லை. படகின் அடியில் தேங்கியிருந்த நீரை இறைத்தேன், மின்கல அளவைக் குறித்துக்கொண்டேன். மனைவி இஞ்சி தட்டிப் போட்ட தேநீரைக் கொண்டுவந்தாள். எதிரே, தீவுக் கரையில் கெலுகோர். கரையோரக் கட்டடங்களுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு.

அந்த வீட்டை ஒரு விரிவுரையாளர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, எங்கள் சிறிய பாய்மரப் படகில் கிளம்பி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. லங்காவி, தாய்லாந்துக் கரை, சுமத்ராவின் வடமுனை என்று சுற்றிவிட்டு வந்திருந்தோம். மாதக் கடைசியில் வீட்டுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. படுக்கையில் இருந்த அம்மாவை அதுவரை பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் அக்கா பார்த்துக்கொள்வது, பிறகு நாங்கள். அக்கா பெர்த்தில் இருக்கும் மகளின் முதல் பிரசவத்துக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு தம்பதி இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் போவதாகச் சொல்லி எங்களையும் அழைத்திருந்தார்கள். வாடைக்காற்று ஓய்வதற்குள் கிளம்பினால்தான் மேற்கே போகலாம்; விட்டால் ஆண்டுக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் போய்விட்டால் இன்னொரு முறை கிளம்புவேன் என்ற நம்பிக்கை இல்லை. மனைவிக்கும் ஆசைதான். ஆனால் அவள், “மொதல்ல அண்ணியக் கேளுங்க. அவங்க முடியாதுன்னா முடியாதுதான்” என்றாள்.

மதியம் அக்கா வீட்டுக்குப் போனோம்.

“என்னடா தம்பி இப்படிக் கறுத்துட்ட? அம்மாவுக்கே அடையாளம் தெரியாது லா!”

“தொப்பி போடச் சொன்னா கேட்டாத்தானே அண்ணி” என்றாள் மனைவி.

“உள்ள ஒண்ணும் இல்லாத தலைக்குத் தொப்பி ஒண்ணுதான் கேடு.”

கூடத்து மூலையில் புதுப்பெட்டி திறந்து கிடந்தது. பிரசவ லேகியம் போட்ட பாட்டில்களுக்கு மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிள்ளைத்துணிகளுக்கு நடுவே செருகியிருந்தாள்.

“ஏர்போர்ட்ல புடுங்கிட மாட்டாங்களா?” என்றேன்.

“புடுங்குனா அங்கேயே நின்னு அத்தனையும் தின்னுட்டுத்தான் உள்ள போவேன்.”

சாப்பிடும்போது கேட்கலாம் என்றிருந்தேன். அக்கா பாதியில் எழுந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டப் போனாள். காப்பி குடிக்கும்போது கேட்கலாம் என்றிருந்தேன். அப்போது அவள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிறவர்களைத் தடுத்துப் பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. செருப்பு மாட்டியபின் எங்கே என்றுகூடக் கேட்கமாட்டார்கள். அது போகிற காரியத்துக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், வாடகைக் கார் வந்து நின்று, செருப்பை மாட்டி, கேட்டில் கை வைத்த பிறகுதான் சொன்னேன்.

“அக்கா, இன்னும் ஒரு வருஷம் போய்ட்டு வரலாம்னு பாக்கிறோம். இலங்கைப் பக்கம். காத்து இப்பதான் சரியா இருக்கு.”

“எப்போ?”

“அடுத்த வாரம்.”

உள்ளே அம்மா இருமினாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நல்லபடியாப் போய்ட்டு வாங்க” என்றாள். பிறகு, “தொப்பி போட்டுக்கடா.”

கார் பாலத்தில் ஏறியதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“வாசல்ல நின்னுக்கிட்டுக் கேட்டா அவங்க வேற என்னங்க சொல்லுவாங்க?”

“வேணாம்னு சொல்லலையே.”

“சொல்ல விட்டீங்களா? காரைத் திருப்பச் சொல்லுங்க.”

நடுப்பாலத்தில் திரும்ப வழியில்லை. தீவில் இறங்கித் திரும்பியிருக்கலாம். நான் ஓட்டுநரிடம் எதுவும் சொல்லவில்லை. மாலையில் பக்கத்துப் படகுக்காரர்களிடம் வருகிறோம் என்றேன். வீட்டில் குடியிருந்தவரிடம் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்றேன். மனைவி சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அக்காவின் பேரன் பிறந்த படத்தை மாலத்தீவில் பார்த்தோம். பிரசவத்துக்கு யாரோ ஒரு அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்களாம். நாங்கள் திரும்பி வந்த பிறகு அக்கா பெர்த் போய்ச் சேர்ந்தபோது பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான், இவளிடம் வர அழுதான். இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் பயணத்தில் நான் பார்த்த கடல் அழகானதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டிருந்தால் அவள் முடியாது என்று சொல்லியிருப்பாள். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை, அக்காவிடம் முறையாகக் கேட்டுவிடலாம் என்று கைபேசியை எடுத்தேன். அது அம்மாவைக் குளிப்பாட்டும் நேரம். பயணத்துக்குக் குடிதண்ணீர் பிடித்துவந்த பிறகு கூப்பிடலாம் என்று வைத்துவிட்டு, முதல் வேலையாகக் காலி கேன்களை ரப்பர்த் தோணியில் அடுக்கிக்கொண்டு கரைக்குப் போனேன்.